இட் யாரு, மாமா?

எங்கள் காலத்துப் பத்தாம் வகுப்பில் ஆங்கில வாக்கியத்தின் அர்த்தம் தெரிய வேண்டியதில்லை. எஸ், வி, ஓ, சி, ஏ என்று அதை வெட்டத் தெரிந்தால் மதிப்பெண் நிச்சயம். டியூஷன் வாத்தியார் சொல்லித்தந்த முறை போலீஸ் விசாரணை மாதிரி. முதலில் வெர்பைப் பிடி. ‘யார்?’ என்று கேள், சப்ஜெக்ட் வரும். ‘யாரை, எதை?’ என்றால் ஆப்ஜெக்ட். ‘எங்கே, எப்போது, எப்படி?’ என்றால் அட்ஜங்ட். ‘ராமா கில்ட் ராவணா’ முதல் அடியிலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடும். (பாவம் ராவணன். ஆக்டிவ் வாய்ஸில் ஒருமுறை, பாஸிவ் வாய்ஸில் ஒருமுறை என்று வருஷா வருஷம் இரண்டு தடவை சாகிறான்.)

இந்த வித்தையை அக்கா மகளிடம் இறக்கினேன். ‘இட் ஈஸ் ரெய்னிங்’ வந்தது.

“எஸ் எது?”

“இட். அது யாரு, மாமா?”

“யாருமில்லை. ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட வாக்கியம் சப்ஜெக்ட் இல்லாமல் நிற்காது. அதனால் ஒப்புக்கு ஒன்றை நிறுத்திவைப்பார்கள்.”

“அப்ப பெய்யறது யாரு?”

அடுத்த வாக்கியத்துக்குப் போனோம். ‘தே மேட் ஹிம் டீ’, ‘தே மேட் ஹிம் கேப்டன்’. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் அவன்தான் கேப்டன், ஆகவே கேப்டன் சி, அதாவது காம்ப்ளிமென்ட். அவன் டீ அல்ல, ஆகவே டீ டைரக்ட் ஆப்ஜெக்ட், ‘ஹிம்’ இன்டைரக்ட் ஆப்ஜெக்ட். பெருமையோடு நிமிர்ந்தேன்.

“‘கால் மீ எ டாக்ஸி’ன்னா, மாமா?”

“டாக்ஸி கூப்பிடு என்று அர்த்தம்.”

“உங்களையே டாக்ஸின்னு கூப்பிடச் சொன்னதாவும் வச்சுக்கலாமே?”

வைத்துக்கொள்ளலாம்தான். அன்று முழுக்க வீட்டில் என் பெயர் டாக்ஸி மாமா.

ஏ-வை, அதாவது அட்ஜங்டை, எங்கும் உதறலாம் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். ‘ஹீ புட் தி புக் ஆன் தி டேபிள்’ என்பதில் மேசையை உதறிப் பாருங்கள், புத்தகம் அந்தரத்தில் நிற்கும். ராண்டால்ஃப் க்வெர்க்கும் மூன்று சகாக்களும் 1985-இல் 1,700 பக்கங்களுக்கு மேல் இலக்கணம் எழுதி, அடிப்படை வாக்கிய வகைகளை ஏழில் அடக்கினார்கள். அதில் உதற முடியாத ஏ-வுக்கும் இடம் உண்டு. எங்கள் நோட்ஸில் அந்த விவரம் விடுபட்டிருந்தது.

வெர்ப் வடிவங்களுக்கு வந்தோம். ‘புட், புட், புட்’ எனக்கு மிகவும் பிடித்த வெர்ப், காலத்துக்கு அசையாது. ‘கோ’ அப்படியல்ல. ‘வென்ட்’ உண்மையில் வேறொரு வெர்பின் இறந்தகாலம். இரவல் வாங்கிய ‘கோ’ இன்றுவரை திருப்பித் தரவில்லை. ‘பி’ இருக்கிறதே, அது தனி ஜமீன். பி, ஆம், ஈஸ், ஆர், வாஸ், வேர், பீன், பீயிங் என்று எட்டு வடிவம்.

“ஹீ ஈஸ் எ டீச்சர்ல அது என்ன வேலை செய்யுது, மாமா?”

“பெரிசா ஒண்ணுமில்லை. இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். நடுவுல சும்மா நிக்கும்.”

“வேலையே செய்யாம எட்டு டிரஸ்ஸா?”

சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: “உன் மாமாவும் அந்த வெர்ப்தான்டி!”