மணிமேகலையும் மரநாயும்

விலங்குகளையும் பறவைகளையும் கண்டறிவதற்கென்று ஒரு சாத்திரம் பண்டைத் தமிழரிடத்தில் இருந்ததா என்னும் வினாவை அறிஞர் எவரும் இதுகாறும் எழுப்பாதிருப்பது வருந்தத்தக்கது. எழுப்பப்படாத வினாவுக்கு விடை காண்பதே ஆராய்ச்சியின் உத்தம இலட்சணம் ஆகையால், அப்பணியை நாமே மேற்கொண்டோம். நாம் கண்ட முடிபு இது: அத்தகைய சாத்திரம் ஒன்று இருந்தது, மணிமேகலையின் 27ஆம் காதையாகிய ‘சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை’யே அது. உ. வே. சாமிநாதையரவர்கள் 1898ஆம் ஆண்டில் அந்நூலை அச்சேற்றிய நாள்தொட்டு, அக்காதையைத் தருக்கம் என்று கருதி மாணாக்கர் அஞ்சியும் ஆசிரியர் ஒதுக்கியும் வந்திருக்கின்றனரேயன்றி, கொல்லைப்புறத்துக் கிணற்றடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண் ஏட்டிலும் ஒரு கண் முருங்கை மரத்திலுமாக அதனைப் படித்தவர் இருந்ததாகத் தெரியவில்லை.

மாதவன் வடிவந்தாங்கி வஞ்சிமாநகரில் நின்ற மணிமேகலைக்கு, அளவைவாதி என்பான் உண்மையை அறியும் கருவிகளாகிய பிரமாணங்களைக் கூறுகின்றான். வேதவியாசர் கொண்டவை பத்து, கிருதகோடி கொண்டவை எட்டு, சைமினி கொண்டவை ஆறு என்று கணக்கும் தருகின்றான். இவற்றை விளக்க அவன் எடுத்துக்காட்டும் பொருள்களைக் கவனியுங்கள்: கானகத்தில் ஒலி கேட்டு அங்கே யானை உண்டு என்று உணர்தல்; காட்டுப்பசுவாகிய கவயம் பசுவை ஒத்தது என்று அறிதல்; இந்த மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் சொல்லத் தெளிதல்; போதாக்குறைக்கு ஒரு புலி, ஒரு முயற்கொம்பு. உலகில் எண்ணிறந்த பொருள்கள் இருக்க, தருக்கம் சொல்ல வந்தவன் மறுபடியும் மறுபடியும் காட்டுக்கே ஓடுவானேன்?

இவ்வுதாரணங்களுள் பல வடமொழித் தருக்க நூல்களில் வழங்கியவை, நூலாசிரியர் சாத்தனார் அவற்றை எடுத்து வைத்தார், அவ்வளவே என்று ஒரு பூர்வபட்சம் எழலாம். எழட்டும். அந்த வடமொழி நூல்களைச் செய்த முனிவர்கள் எங்கே வாசம் செய்தார்கள்? ஆரணியத்தில். அங்கே கவயமும் யானையும் அன்றி வேறு என்ன கண்ணில் பட்டிருக்கும்? மேலும் நம் புலவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். கூலக்கடை என்பது சிட்டுக்குருவிக்கும் புறாவுக்கும் அணிலுக்கும் எலிக்கும் நித்திய சத்திரம். நாள்முழுதும் அவற்றை விரட்டிக்கொண்டே அளவையைப் பற்றிச் சிந்தித்த ஒருவர், நெல்லளக்கும் அளவையில் தொடங்கி நியாய அளவையில் முடிந்தது இயல்பே. இன்னொரு சான்றும் உண்டு. மணிமேகலை பதிப்பு வெளிவந்த அதே 1898இல் அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திர’மும் வெளிவந்தது, அந்த மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணனே 1950 முதல் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் பல்லாண்டுக் காலம் நம் நாட்டு விலங்குகளையும் பறவைகளையும் பற்றி எழுதியவர். இதைத் தற்செயல் என்று தள்ளுவோர் தள்ளுக.

இனிக் கொல்லைக்கு வருவோம். முதற்பிரமாணமாகிய காண்டலில் சிக்கல் ஏதுமில்லை; கண்ணுடையவன் காண்கின்றான். கண்டதைப் பிறனுக்குக் காட்டப் புகும்போதுதான் தத்துவம் தடுமாறுகிறது.

“அதோ பாருடா, மாமரத்திலே மரங்கொத்தி.”

“எங்கே பாட்டி?”

“பெரிய கிளையிலிருந்து சின்னக் கிளை ஒண்ணு பிரியுது பாரு, அதுக்குப் பக்கத்திலே.”

“எல்லாக் கிளையும்தான் பிரியுது.”

“காய்ஞ்ச இலை ஒண்ணு தொங்குதே, தெரியுதா?”

“தெரியுது பாட்டி!”

“அது இல்லே. அதுக்கு மேலே.”

இதற்குள் மரங்கொத்தி தன் குல வழக்கப்படி அடிமரத்தைச் சுற்றி மறுபக்கம் போயிருக்கும். பேரனோ காய்ந்த இலையைப் பறவையாக ஏற்றுக்கொண்டு திருப்தியோடு பள்ளிக்கூடம் போயிருப்பான். இவ்விபரீதத்துக்குக் காரணம், காட்டுவோன் கண்ணும் காண்போன் கண்ணும் ஓரிடத்தில் இல்லாமையால், சுட்டுவிரல் ஒன்றே ஆயினும் அது சுட்டும் கிளைகள் இரண்டாகிவிடுவதுதான். காண்போனது தோளின்மேல் கையை நீட்டி, கன்னத்தோடு கன்னம் சேர்த்துச் சுட்டுவது உத்தமம். பேரனிடத்தில் இம்முறை பலிக்கும். மரியாதைக்குரிய விருந்தினரிடத்தில் பிரயோகிக்கத் தக்கதன்று.

ஆகவேதான் அளவைவாதி உவமத்தை வகுத்தான். கவயத்தைக் கண்டிராதவனுக்கு ‘பசுவைப் போன்றது’ என்று சொல்லியனுப்பினால் காட்டில் அதனைக் கண்டவுடன் அறிந்துகொள்வான் என்பது நையாயிகர் கொள்கை. 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய தம் கைந்நூலை வெளியிட்ட சாலிம் அலியும் இதையே செய்தார். சிட்டுக்குருவி அளவு, புல்புல் அளவு, மைனா அளவு, காக அளவு என்று தெரிந்த பறவைகளை முழக்கோலாக்கித் தெரியாதவற்றை அளந்தார். நம் வீடுகளிலோ இம்முறை காகம் ஒன்றோடு நின்றுவிடும். காகம் மாதிரி, ஆனால் இறக்கை செங்கல் நிறம், கண் சிவப்பு, வேலியோரம் தரையில் நடக்கிறது என்றால் அது செண்பகம். செம்போத்து என்பாரும் உளர். குயிலின் குடும்பத்தில் பிறந்தும் தன் கூட்டைத் தானே கட்டி, தன் குஞ்சைத் தானே வளர்க்கும் அப்பறவையின் ஒழுக்கம் குயிலால் இன்றளவும் பின்பற்றப்படவில்லை.

கருதல் என்னும் அனுமானமும் அருத்தாபத்தியும் மரநாயின்பொருட்டே படைக்கப்பட்டவை என்பது நம் துணிபு. தேவதத்தன் என்று ஒருவன், பகலில் உண்பதில்லை, ஆயினும் பருத்திருக்கிறான், ஆதலின் இரவில் உண்கிறான் என்பது பெறப்படும் என அருத்தாபத்திக்கு வடநூலார் உதாரணம் சொல்வர். அந்தத் தேவதத்தன் யார் என்று நூற்றாண்டுக் கணக்கில் ஒருவரும் விசாரிக்கவில்லை. ஓட்டுவீட்டில் குடியிருந்தவர்களுக்கு அவனைத் தெரியும். பகல் முழுதும் பரண்மேலோ ஓட்டின் உட்புறத்திலோ படுத்து உறங்குவான்; விளக்கணைந்ததும் மச்சின்மேல் தடதடவென்று ஓடுவான்; கொல்லையில் நாளைக்குப் பறிக்கலாம் என்று விட்டுவைத்த பப்பாளியை இன்றே முடிப்பான்; பனை இருக்கும் ஊராயின் கட்டியிருக்கும் கள்முட்டியையும் பரிசோதிப்பான்; விடிவதற்குள், உண்ட பழங்களின் விதைகளைச் சிதையாமல் எச்சமாக்கி மதிற்சுவர்மீது சாட்சியமாக வைத்துவிட்டுப் பரணுக்குத் திரும்புவான். இவ்வளவுக்கும் வீட்டுக்காரர் அவனைக் கண்டதே இல்லை. யானையின் ஒலி கேட்டு யானை உண்டு என்று தெளிந்த சாத்தனார் கட்சியைச் சேர்ந்தவர்களாய், மச்சின் ஓசை கேட்டு மரநாய் உண்டு என்று அவர்கள் தெளிகிறார்கள். வீட்டுக்காரர் ‘எலி’ என்பார். வீட்டம்மாள் ‘அவ்வளவு பெரிய எலியா?’ என்பார். பிரதிவாதம் அம்மட்டே. காண்டலை விடக் கருதலே பலம் என்பதற்கு இதனினும் சிறந்த இடம் நியாய சாத்திரத்தில் கிடையாது.

ஓசையால் அறிவது இரவுக்கு மட்டும் உரியதன்று. அணில் ஓரிடத்தில் நின்று வாலை உதறி விடாது கத்துமாயின், அதன் கண் செல்லும் திசையில் பூனையோ பாம்போ உண்டு. தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கூடி ஒரு புதரை வைதுகொண்டிருந்தால் புதருக்குள் யாரோ இருக்கிறார். காற்றில்லாத பொழுதில் ஒரே ஒரு கிளை அசைந்தால் அதற்கும் பிரமாணம் உண்டு: இரும்பின் அசைவு கொண்டு காந்தத்தை அறிவது அது.

ஊரார் சொல்லைக் கொண்டு தெளிவதாகிய ஐதிகத்தை மட்டும் நாம் சற்று எச்சரிக்கையோடு கையாள வேண்டும். மரத்தில் பேய் உண்டு என்னும் உலகுரை, மூலத்தை ஆராயுமிடத்து, பெரும்பாலும் ஒரு கூகையில் சென்று முடியும். வெண்மையான முகம், ஓசையற்ற பறப்பு, நள்ளிரவில் ஒரு கிறீச்சொலி ஆகிய இம்மூன்றும் ஒருங்கே அமைந்தால் எந்த ஊரும் பேய் என்றே சொல்லும். சாக்குருவி என்று பழிக்கப்படும் அப்பறவை இரவெல்லாம் எலி பிடிக்கிறது. கூலவாணிகரான சாத்தனார் இதை அறிந்திருந்தால் தம் கடை மாடத்தில் ஒரு பேய்க்கு இடம் ஒதுக்கியிருப்பார். நம்மவர் பறவைகளைப் பார்ப்பதில்லை என்பது வீண்பழி. பார்க்கிறார்கள், தங்கள் காரியமாகப் பார்க்கிறார்கள். செம்பருந்து வட்டமிட்டால் கருட தரிசனம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். காகம் கரைந்தால் விருந்து என்று அரிசியை அளந்து வைக்கிறார்கள். அதிருஷ்டம் அடித்தவனை நரி முகத்தில் விழித்தாயோ என்று கேட்கிறார்கள். காலையில் அந்த நரி யார் முகத்தில் விழித்தது, அதற்கு அன்று என்ன நேர்ந்தது என்பதுபற்றி மட்டும் ஐதிகம் மௌனம் சாதிக்கிறது.

இனி அபாவம். கொல்லைப்புறச் சாத்திரத்தின் சிகரம் இதுவே. ஏனெனில் காணப்பட்ட பிராணிகளை விடக் காணப்படாதவையே எக்காலத்தும் மிகுதி. தருக்க சங்கிரகம் இன்மையை நால்வகையாகப் பிரிக்கிறது. ஒரு பொருள் தோன்றுமுன் உள்ள இன்மை பிராகபாவம்: வேடந்தாங்கலுக்கு வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பியபின் போகாமல், பிள்ளைகளின் விடுமுறையை முன்னிட்டுக் கோடையில் போய், வெறும் மரங்களை எண்ணிவிட்டுத் திரும்புவோர் அனுபவிப்பது. இருந்து அழிந்தபின் உள்ள இன்மை பிரத்துவம்சாபாவம்: துவைக்கும் கல்லருகே கீரி நிற்பதைக் கண்டு, உள்ளே இருக்கும் விருந்தினரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தபோது அவர் காண்பது. ‘இப்போதுதான் இருந்தது’ என்று வீட்டுக்காரர் கூறும் ஒற்றை வாக்கியத்தை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு பிரமாணம் இல்லை. முக்காலத்தும் இன்மை அத்தியந்தாபாவம்: 1940இல் ஏற்பட்ட முதுமலைச் சரணாலயத்தில் வண்டியேறிப் போகும் குடும்பத்தாருக்குப் புலி. ‘இது அது அன்று’ என்னும் இன்மை அந்நியோன்னியாபாவம்: பேரன் கண்ட காய்ந்த இலை. உயர்ந்த தொலைநோக்குக் கருவி வாங்கியவர்களுக்கும் இந்நான்கும் குறைவின்றிக் கிடைக்கும்.

பிரமாணம்போல் தோன்றிப் பிழைபடும் ஆபாசங்கள் எட்டினையும் அளவைவாதி சொல்லியிருக்கிறான். ‘ஏதோ அசைந்தது’ என்னும் அளவில் நிற்பது சுட்டுணர்வு. காகத்தைச் சுட்டிக் காகம் என்று அறிவிப்பது உணர்ந்ததை உணர்தல். மாமனார் தம் இளமையில் கண்ட சிறுத்தை இல்வழக்கு. புலி அணுகக் கண்டும் உணராமையைக் கண்டுணராமை என்கிறான். நம் கொல்லையில் அத்துணை ஆபத்து இல்லை, மரப்பொந்தில் அமர்ந்து நம்மையே உற்றுநோக்கும் புள்ளி ஆந்தையை மரத்தின் கணு என்று எண்ணிக் கடந்துபோவதோடு சரி. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் திரியக்கோடலுக்கு இப்பியை வெள்ளி என்று மயங்குதல் காதையில் கண்ட உதாரணம். அதைவிடச் சிறந்தது காகமே. தன் கூட்டில் குயில் இட்ட முட்டையைத் தன் முட்டையாகவும், வெளிவந்த குஞ்சைத் தன் குஞ்சாகவும் கொண்டு அது வாய்க்கு வாய் ஊட்டுகிறது. அவ்வளவு சாமர்த்தியம் படைத்த பறவைக்கே ஆபாசம் நேருமாயின் மனிதரைக் குறைகூறுவது நியாயமன்று.

ஓர் ஆட்சேபம் எஞ்சியிருக்கிறது. பிரமாணங்களெல்லாம் காண்கின்ற நம்மைப் பற்றியே பேசுகின்றனவே, காணப்படும் பிராணியின் பிரமாணங்கள் எவை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வயல்வெளிக்குச் சென்று பாருங்கள்: கூழாங்கற்கள் நடுவே கூழாங்கல் நிறத்தில் முட்டையிட்டுவிட்டு, கண்ணுக்கெட்டாத் தொலைவில் நாம் வரும்போதே ஆள்காட்டிக் குருவி எழுந்து வட்டமிட்டுக் கூவத் தொடங்கும். அக்கூவலில் வயல் முழுவதுக்கும் நம் வருகை அறிவிக்கப்படுகிறது. கொக்கு நகர்கிறது, கீரி வரப்புக்குள் புகுகிறது, உடும்பு பொந்தடைகிறது. பாட்டிக்கு அரைநாழிகையில் கைகூடாத சுட்டுதல் தொழிலை இப்பறவை ஒரு கணத்தில், விரலே இல்லாமல், எல்லாப் பிராணிகளுக்கும் ஒருசேரப் புரியும்படி செய்துவிடுகிறது. இதைப் பதினோராம் பிரமாணமாகச் சேர்க்க வேண்டும் என்பது நம் சித்தாந்தம். வியாசர் உடன்படுவார், ஆறோடு நிறுத்திக்கொண்ட சைமினி கொஞ்சம் தயங்கலாம்.

இதனை மறுக்க விரும்பும் தருக்கிகள், புலவர்கள், பறவை நூலார் யாவராயினும் விடியற்காலையில் எம் கிணற்றடிக்கு வந்து வாதிடலாம். வாதத்தைத் தாழ்ந்த குரலில் வைத்துக்கொள்ள வேண்டும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். பப்பாளி பழுத்திருந்தால் அது எனக்கும் மரநாய்க்கும் இடையேயுள்ள வழக்கு, அதில் தலையிடலாகாது.