சேறு பாக்காத காலுக்குச் சேத்துப்புண்ணு

உக்காரு மாப்ளே. நீ நொண்டி நொண்டி வர்றதப் பாத்தா பழனிக்குக் காவடி எடுத்துட்டு நேரா இங்க வந்தாப்ல இருக்கு. ஏசி பஸ்ல படுத்துக்கிட்டு வந்தவன்தானே? மூஞ்சிக்குப் பூச மூணு டப்பா கொண்டாந்திருக்கன்னு உங்க அத்தை சொன்னா. காலுக்கு என்ன கொண்டாந்த? ஷூவா. சரி சரி, கழட்டு பாப்போம்.

அடடா, சேத்துப்புண்ணு! சுண்டுவிரலுக்கும் அதுக்கு அடுத்த விரலுக்கும் நடுவுல ஊறி வெளுத்து, தோல் உரிஞ்சு, வாடை வேற. நடவு பூரா முழங்கால் சேத்துல நின்னு நாங்க வாங்குன சீக்க, நீ ஏழாவது மாடியில நாற்காலியில உக்காந்துக்கிட்டே வாங்கியிருக்கியே, கெட்டிக்காரன்யா. சேத்துமேல பழி போட முடியாது மாப்ளே, ஈரத்துமேலதான் போடணும். இது ஒரு பூஞ்சை. காத்துப் போகாத ஷூவும் நேத்துப் போட்ட சாக்ஸும் இருந்தா அதுக்கு வேற வயலே வேண்டாம். நடவுக்குப் போற பொம்பளைங்க ராத்திரி விரலிடுக்குல மருதாணிய அரைச்சு வெச்சுக்கிட்டுப் படுப்பாங்க. செவந்த காலோட ஆபீசுக்குப் போக உனக்குக் கூச்சம், வேண்டாம் விடு. குளிச்சதும் விரலிடுக்கத் தொடைச்சுக் காய விடு, சாக்ஸ தெனம் மாத்து, டாக்டர் குடுக்குற பூஞ்சை மருந்தச் சொன்ன நாள் வரைக்கும் பூசு. அரிப்பு நின்ன மறுநாளே டியூப மறந்துட்டா, அது உன்ன மறக்காது.

இடுப்புல என்ன சொறியிற? படர்தாமரையா? மெடிக்கல்ல கேட்டு வாங்குன டியூபா? கொண்டா இங்க. எனக்கு இங்கிலீசு வராதுன்னு நெனச்சியா, எழுத்துக்கூட்டுவேன். குளோ...பெட்டசால். பாத்தியா? பூஞ்சை மருந்தோட ஸ்டீராய்டும் கலந்திருக்கு. பூசுன ரெண்டே நாள்ல அரிப்பு அடங்கும், மெடிக்கல்காரன் தெய்வமாத் தெரிவான். உள்ள பூஞ்சை நிம்மதியாப் பரவும், தோல் மெலிஞ்சு வரி வரியாக் கோடு விழும், வட்டமா இருந்தது எங்க ஆரம்பம் எங்க முடிவுன்னு டாக்டருக்கே தெரியாமப் போகும். தோல் டாக்டர்கிட்டப் போ. வாரக்கணக்குல மருந்து சொல்வார், மொகத்தச் சுளிக்காத. வீட்டுல வேற யாருக்காச்சும் இருந்தா எல்லாருமாச் சேர்ந்து பாக்கணும். துண்டு தனித்தனியா இருக்கட்டும், துணி நல்ல வெயில்ல காயட்டும்.

குதிகால் காலைல எந்திரிச்ச மொத அடிக்கு உயிர் போவுது, நடக்க நடக்கத் தேவலையா இருக்கு, அதானே? உள்ளங்கால்ல குதிகாலுக்கும் விரலுக்கும் நடுவுல ஓடுற நார் புண்ணாயிருக்கு. கட்டில விட்டு எறங்கறதுக்கு மின்னாடியே கால்விரலக் கையால உன் பக்கமா இழுத்துப் பிடி. ஒரு பாட்டில்ல ஐஸ் தண்ணி ரொப்பி உள்ளங்காலுக்குக் கீழ போட்டு உருட்டு. டைல்ஸ் தரையில வெறுங்கால் வேண்டாம். பித்தவெடிப்பா? வெதுவெதுப்பான தண்ணியில ஊறவெச்சு, ஈரம் காயறதுக்குள்ள வாசலினத் தடவிட்டு, மேல சாக்ஸப் போட்டுப் படு. பிளேடு எடுத்துச் சீவுன, கைய ஒடிப்பேன்.

என் முட்டியப் பாத்துச் சிரிக்காத, அது உழைச்ச முட்டி. உன்னுது ஏன் கடகடங்குது? உன் தொப்பையக் கேளு. குண்டா இருக்குற முட்டிவலிக்காரங்க ஒரு கிலோ கொறைச்சா, வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் முட்டிமேல நாலு கிலோ பாரம் கொறையுதுன்னு அளந்து பாத்துச் சொல்லியிருக்காங்க. நாற்காலியில உக்காந்தபடியே கால நீட்டித் தூக்கித் தொடைய இறுக்குனா, முட்டியத் தாங்க ஒரு ஆள் வெச்ச கணக்கு. ராத்திரியில கால் பெருவிரல் மட்டும் செவந்து வீங்கி, போர்வை பட்டாலே அலறுனியானா அது வேற சமாச்சாரம். யூரிக் அமிலம். அப்ப டாக்டர்கிட்ட பீர் கணக்க மறைக்காமச் சொல்லு. என்கிட்ட மறைக்கிற மாதிரி அங்க மறைக்காத.

ஆனா மாப்ளே, நீ இவ்வளவு கத்துறியே, அதனால உன் காலப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. எனக்குக் கவலை உங்கம்மா காலப் பத்தித்தான். சக்கரை வந்து எத்தனையோ வருஷமாச்சு, ஒரு நாளாச்சும் கால் வலின்னு சொன்னாளா? சித்திரை உச்சிவெயில்ல கோயில் பிரகாரத்துக் கல்லுல கால வெச்சா நமக்கெல்லாம் பொரியுது, துள்ளிக் குதிச்சு நெழலுக்கு ஓடுறோம். அவ மூணு சுத்து நிதானமா சுத்திட்டு வந்து நிக்கிறா. என்ன பக்தின்னு ஊரே மெச்சுச்சு. அது பக்தியில்ல மாப்ளே, மதமதப்பு. சாயங்காலம் உங்க அத்தைதான் பாத்தா, உள்ளங்கால் ரெண்டும் கொப்புளம்.

வேலூர் சி.எம்.சி.யில பால் பிராண்டுன்னு ஒரு டாக்டர் இருந்தார். வெள்ளைக்காரர், ஆனா பொறந்தது நம்ம கொல்லிமலையில, 1914-ல. தொழுநோய்க்காரங்க விரல் தானா அழுகி விழுதுன்னு எல்லாரும் நம்பிக்கிட்டிருந்தப்ப, வலி தெரியாததால அடிபட்டு அடிபட்டுத்தான் அது போவுதுன்னு காட்டுனவர். பின்னாடி அமெரிக்கா போயி, சக்கரைக்காரங்க காலையும் அதே கண்ணால பாத்தார்.

அதனால நீ ஊருக்குக் கெளம்பறதுக்கு மின்னாடி அவளக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. ஒரு நைலான் நூல வெச்சுக் குத்தி உணர்ச்சி இருக்கான்னு பாப்பாங்க, வருஷா வருஷம் பாக்கணும். சக்கரைக்காரங்க போடுற மெத்துன்னு இருக்குற எம்.சி.ஆர். செருப்பு தேவைப்பட்டா வாங்கிக் குடு, போடறதுக்கு மின்னாடி உதறிப் போடச் சொல்லு. ராத்திரி கண்ணாடிய வெச்சு உள்ளங்காலப் பாக்கட்டும். கால் ஆணிக்குக் கடையில விக்கிற பிளாஸ்திரிய ஒட்டிக்கிட்டா பிடுங்கிப் போடு, அதுல இருக்குற அமிலம் அவளுக்குத் தெரியாமயே தோல அரிச்சிடும். சுடுதண்ணிச் சூட்டக் காலால பாக்க வேண்டாம், முழங்கையால பாக்கட்டும்.

நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிப்புடாத. பொங்கச்சீர்ல கரும்பு ஒல்லியா இருந்துச்சுன்னு இன்னும் மொகத்தத் திருப்பிக்கிட்டுத்தான் இருக்கா. அண்ணன் சொன்னான்னு தெரிஞ்சா ஆஸ்பத்திரிப் பக்கம் தல வெச்சுக்கூடப் படுக்க மாட்டா.