பீர் பாட்டிலை வெடிக்க வைப்பது எப்படி?

வீட்டில் பீர் காய்ச்ச இனி உரிமம் வேண்டாம் என்று 1963-இல் பிரிட்டிஷ் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அதைக் கூரைவரை பீய்ச்சியடிக்கவும் இங்கிலாந்துக்காரருக்குத் தடையில்லை. முறையாக உழைத்தால் யாருக்கும் கைகூடும் கலை இது.

1. அவசரப்படுங்கள். வாளியில் குமிழி அடங்கியதுமே பாட்டிலில் ஊற்றிவிடுங்கள். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, இரண்டு மூன்று நாள் ஒரே அளவு காட்டுகிறதா என்று பார்ப்பதெல்லாம் வேலையற்றவர் வேலை. ஈஸ்ட் தின்றது போக மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் போனால்தானே நமக்கு லாபம்!

2. நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரையில் கஞ்சத்தனம் வேண்டாம். லிட்டருக்கு 6 கிராம் வீதம் 23 லிட்டருக்கு 138 கிராம் நிறுத்து, கொதிநீரில் கரைத்து, மொத்தமாகக் கலப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு எல்லா பாட்டிலும் ஒரே மாதிரி நுரைக்கும். அதில் என்ன சுவாரசியம்? நீங்கள் பாட்டில் பாட்டிலாகக் கைக்கு வந்தபடி கொட்டுங்கள். 4 கிராம் சர்க்கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் கரியமில வாயு கிளம்பும். மூடி இறுகியிருப்பதால் அதற்குப் போக்கிடம் கிடையாது. கணக்குத் தெரிந்தவர்கள் சற்றுத் தள்ளி நிற்கலாம்.

3. அழகான பாட்டிலாகப் பாருங்கள். தடித்த பழுப்புக் கண்ணாடி பார்க்கச் சகிக்காது. மெல்லிய, நிறமற்ற, சதுர பாட்டிலே நம் நோக்கத்துக்கு உகந்தது. வெயில் படும்படி சன்னலில் அடுக்குங்கள். வெளிச்சம் பீரிலுள்ள ஹாப்ஸ் பூவின் கசப்பைச் சிதைத்து, ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றத்தை இலவசமாகத் தரும்.

4. கழுவித் தொலைக்காதீர்கள். பாட்டில் கழுத்தின் உள்பக்கம் பழைய பீர் காய்ந்து ஒட்டிய பழுப்பு வளையம் தெரிகிறதா? விட்டுவிடுங்கள். அங்கே குடியிருக்கும் காட்டு ஈஸ்ட், நம் ஈஸ்ட் தொடாத சர்க்கரையையும் தின்று வாயுவாக்கும்.

5. காத்திருக்காதீர்கள். 20 டிகிரியில் இரண்டு வாரம் வைக்க வேண்டும் என்பார்கள். ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுக்குமா? மூன்றாம் நாளே திறந்து, "நுரையே இல்லையே" என்று இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டு மூடுங்கள். வெந்நீர்த் தொட்டி இருக்கும் துணி அலமாரியில், வெளுத்த துவாலைகளுக்கு நடுவே வையுங்கள்.

இவ்வளவு செய்தும் வெடிக்கவில்லையா? எங்கேயோ அளந்திருப்பீர்கள், அல்லது பொறுத்திருப்பீர்கள். வேறு வழியில்லை. குளிரவைத்து, அடியில் படிந்த ஈஸ்ட் கலங்காமல், கிளாஸைச் சாய்த்து ஊற்றிக் குடித்துவிடுங்கள்.