தலைக்கு அஞ்சு டாலர்

எய்யா பேராண்டி, நீ பெரிய இன்ஜினீரு. டெக்சாஸ் பிளேனோவுல நாலு பெட்ரூம் வீடு, வாசல்ல ரெண்டு காரு. நான் ஆறு மாச விசாவுல வந்து ஒன் சோபாவுல கெடக்க கெழவன். எனக்கு என்னத்தத் தெரியும்? ஆனாலும் சனிக்கிழமை சனிக்கிழமை ஒன் கராஜுல ஒம்பது பேரு போக்கர் ஆடுததைப் பாக்கேன். பவுண்டி யாருக்குன்னு நீங்க போடுத சத்தத்துல பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் வெளக்கப் போட்டு எட்டிப் பாக்கான்.

ஆளுக்கு 25 டாலர் வாங்குத. 20 பரிசுக்கு, 5 தலைக்காசு, அதுதான் அந்தப் பவுண்டி. ஆளை வெளிய தள்ளுனவனுக்கு அவன் தலைக்குரிய செவப்புச் சிப்பு. நல்ல மொறைதான். சேவக்கட்டுலயும் தோத்த கோச்சை ஜெயிச்ச சேவக்காரனுக்குத்தான் போகும். ஆனா அங்க ரெண்டே சேவல், வழக்கு வராது. ஒங்க மேசையில ஒரே நேரத்துல மூணுல்லா எறங்குது!

போன வாரம் நடந்ததைச் சொல்லுதேன். மீசைக்காரப் பயகிட்ட 1,000 சிப்பு, கண்ணாடி போட்டவன்கிட்ட 3,000, ஒன் மச்சான்கிட்ட 5,000. மூணு பேரும் ஆல்-இன், இருக்க சிப்பு அம்புட்டையும் உள்ள தள்ளிட்டானுவ. மீசை ஃப்ளஷ் காட்டுதான். மச்சானுக்கு ரெண்டு ஜோடி. கண்ணாடிக்கு ஒத்த ஜோடி ஏஸு, ஆளு காலி. "எஞ்சீட்டுதான் பெருசு, பவுண்டி எனக்கு"ன்னு மீசை நிக்கான். நீயும் தலைய ஆட்டிக்கிட்டே எடுத்துக் குடுத்துட்ட. எலே, 1,000 வச்சிருக்கவன் 3,000 வச்சிருக்கவனை எப்படிலே வெளிய தள்ளுவான்? மெயின் பாட்டுல ஆளுக்கு 1,000, அந்த 3,000-தான் மீசைக்கு. கண்ணாடியோட மிச்சம் 2,000 சைட் பாட்டுல, மச்சான் போட்ட 2,000-க்கு எதுத்தாப்புல கெடந்துச்சு. ஒருத்தன் கடைசிச் சிப்பு எந்தப் பாட்டுல கெடக்கோ, அதை அள்ளுனவனுக்குத்தான் அவன் தலை. மச்சானுக்குக் குடுத்தா எவனாவது பேசுவான்னு பயந்துட்ட, இல்லியா? பேசட்டுமே.

மச்சானே மூணு பேர்லயும் பெருசாக் காட்டியிருந்தா ரெண்டு தலையும் அவனுக்கு. ரெண்டு பேரு சமமா ஜெயிச்சு ஒருத்தனைத் தள்ளுனா ஆளுக்கு ரெண்டரை டாலர். சிப்பைப் பிளக்க முடியாதேன்னு முழிக்காத, சில்லறை மாத்தி வையி.

ரீபைல ஒன் சாமர்த்தியமே தனி. தோத்தவன்கிட்ட 20 மட்டும் வாங்கி மறுபடி ஒக்கார வைக்க. ரெண்டாந்தரம் அவனைத் தள்ளுனவன் கைய நீட்டிக்கிட்டு நிக்கான், குடுக்கச் சிப்பு ஏது? ஒண்ணு, ஒவ்வொரு தரமும் முழுசா 25 வாங்கு. இல்லேன்னா ரீபை முடியுத வரைக்கும் எவன் தலைக்கும் காசு கெடையாதுன்னு வையி. எதுனாலும் மொதச் சீட்டு விழுததுக்கு முன்னால சொல்லிப்புடு. நீ என்னடான்னா சண்டை வந்த பொறவு எவன் வாயி பெருசுன்னு பாத்துச் சட்டம் எழுதுத.

2022-ல லாஸ் வேகாஸ் போக்கர் வேர்ல்ட் சீரிஸ்ல மேட் கிளான்ட்ஸ்ங்கவன் ஒத்தப் பவுண்டியில பத்து லட்சம் டாலர் எடுத்தான். அவன் சண்டை போட்டாலும் ஒரு அர்த்தம் உண்டு.

புருசன் பொஞ்சாதி சேந்து ஆட வந்தா மட்டும் கொஞ்சம் கண்ணத் தொறந்து பாரு. சிப்பு கொறைஞ்சதும் அந்தப் புள்ளாண்டான் ஒண்ணுத்துக்கும் ஆகாத சீட்டுக்கு ஆல்-இன்ங்கான், அதுவும் அவ பெட் கட்டுன கையில மட்டும். பவுண்டி குடும்பத்தோடயே தங்கிடுது. என்ன பாசம்லே! தோத்த சீட்டைக் கவுத்தித் தள்ள விடாத. ஆல்-இன் ஆயிப் பந்தயம் முடிஞ்சா எல்லாச் சீட்டையும் மலத்திக் காட்டணும்னு பெரிய டோர்னமெண்ட்லயே சட்டம் வச்சிருக்கானுவ. இந்த மாதிரிப் பாசத்துக்குத்தான்.

கடைசியா நிக்கவன் தலைக்காசு அவனுக்கே சொந்தம். அதைப் போயி பீட்சா செலவுக்குன்னு நீ பையில போட்டியே, அதுதான் எனக்குப் பொறுக்கல. வீட்டுக்குள்ள ஆடுத ஆட்டத்தை டெக்சாஸ் சட்டம் விட்டு வச்சிருக்கதே, ஜெயிச்ச காசைத் தவிர எவனுக்கும் அதுல வரும்படி கூடாதுங்கித நிபந்தனையிலதான். பீட்சாவை ஒன் சம்பளத்துல வாங்கு. பத்தலேன்னா கேளு, எனக்குப் பென்சன் வருது.