திரை மருத்துவ வகைமையும் வெந்நீர்ச் சிக்கலும்

இந்தியத் திரைப்படங்களில் நோய் தீர்க்கும் முறைகள் ஐந்து: உறிஞ்சல், அடித்தல், பாய்ச்சல், தோண்டல், வெந்நீர். கோயில் மணியை ஆறாவதாகச் சேர்ப்பாரும் உளர். மணி மருந்துக் கடையில் கிடைக்காதாகலின் அது இங்குக் கொள்ளப்படவில்லை.

உறிஞ்சலாவது, பாம்பு கடித்த காலில் வாய்வைத்து நஞ்சை இழுத்துத் துப்புதல். கடிபடுபவர் பெரும்பாலும் நாயகி, துப்புபவர் நாயகன்; அருகில் அண்ணன் நின்றாலும் அவரிடம் இப்பணி ஒப்படைக்கப்படுவதில்லை. பல்வழி இறங்கிய நஞ்சு திசுவில் விரைந்து பரவிவிடும். உறிஞ்சுபவரின் வாய்க்கிருமி காயத்தில் சேர்வதே மிச்சம். கயிற்றால் இறுகக் கட்டுவதும் கேடு. பயன்படுவது நஞ்சுமுறி ஊசிதான். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்பொருளைப் பிரித்து அம்மருந்தைச் செய்கிறார்கள். அதற்கான நஞ்சில் பெரும்பங்கு, மாமல்லபுரத்துக்கு அருகே 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. இருளருக்கும் குதிரைக்கும் பாடல் காட்சி இல்லை.

அடித்தலாவது, தலையில் அடிபட்டு நினைவிழந்தவர் மறுபடி அடிபட்டு நினைவு பெறுதல். தட்டினால் பாடும் பழைய ரேடியோவிலிருந்து இக்கோட்பாடு பிறந்திருக்கலாம். மூளைக்கு இரண்டாம் அடி இரண்டாம் காயமே. ‘மூன்றாம் பிறை’ (1982) இம்முறையைத் தவிர்த்து நாயகியை ஒரு வைத்தியரிடம் விட்டது. அவளுக்குப் பழைய நினைவு திரும்பியது. நாயகனைப் பற்றிய நினைவு போயிற்று. ‘கஜினி’ (2005) நாயகனுக்கு நினைவு பதினைந்து நிமிடம்தான் நிற்கும். இதை ஒத்த நோய் உண்டு: 1953-இல் வலிப்புக்காக மூளையில் அறுவை செய்துகொண்ட அமெரிக்கர் ஒருவர், 2008-இல் இறக்கும்வரை புதிய நிகழ்ச்சிகளை நினைவில் நிறுத்த இயலாதிருந்தார். அவர் எவரையும் பழிவாங்கியதாகக் குறிப்பில்லை.

பாய்ச்சலுக்கு மூலநூல் ‘அமர் அக்பர் அந்தோணி’ (1977). மூன்று மகன்கள் வரிசையாகப் படுத்து ஒரே நேரத்தில் தாய்க்கு ரத்தம் தருகிறார்கள். ரத்தம் குழாயில் மேல்நோக்கி ஏறுகிறது. நியூட்டன் தாய்ப்பாசத்தைக் கணக்கில் எடுத்தவரல்லர்.

தோண்டலாவது கத்தியைத் தீயில் காட்டிக் குண்டை எடுத்தல். 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் மருத்துவர்கள் கழுவாத விரலால் குண்டைத் தேடியதில் குண்டு அகப்படவில்லை, சீழ் அகப்பட்டது.

இனி வெந்நீர். அறைக்கதவு சாத்தப்படுகிறது. உள்ளிருந்து மருத்துவச்சி, “சீக்கிரம் வெந்நீர் கொண்டாங்கடி!” என்கிறாள். பக்கத்து வீட்டு அம்மாள் ஆவி பறக்கும் குண்டானை முந்தானையால் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். கதவு மறுபடி சாத்தப்படுகிறது. அடுத்தது குழந்தையின் அழுகுரல். இடையில் அந்தக் குண்டான் என்னவாயிற்று என்பதே திரையியலின் தலையாய சிக்கல்.

கழுவுதற்கு என்பார் ஒருசாரார். கொதிக்கும் நீரில் யாரைக் கழுவுவது எனக் கேட்டு மறுப்பார் மற்றொரு சாரார்; கத்தியையும் நூலையும் வேகவைக்க என்பது அவர் துணிபு. சும்மா நிற்பவர்களுக்கு வேலை கொடுக்கவே என்பார் மூன்றாம் சாரார். இவர்கள் படம் எதையும் பார்த்ததில்லையாதலின் நடுநிலையாளராகப் போற்றப்படுவர்.

சொல்லாராய்ச்சி இதை மேலும் குழப்பும். ‘வெந்நீர்’ வெம்மை + நீர் எனப் பிரியும் பண்புத்தொகை, காலம் காட்டாது. ‘சுடுதண்ணி’ எனப் பாடங்கொண்டால் வினைத்தொகையாகி முக்காலமும் கரந்து நிற்கும். இறந்தகாலம் எனின் தண்ணீர் ஆறிவிட்டது. எதிர்காலம் எனின் அடுப்பே இன்னும் மூட்டவில்லை. இதை நிறுவ முந்நூறு பக்க ஆய்வேடு வேண்டும். நெறியாளர் கையெழுத்திட அதைப் படித்திருக்க வேண்டுவதில்லை. பிள்ளை பெறுபவளுக்கு இதனால் என்ன என்று வினவுதல் ஆய்வு மரபன்று.

வியன்னாவில் 1847-இல் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்ப்பவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்றார். பிரசவக் காய்ச்சலால் நேர்ந்த சாவு வெகுவாகக் குறைந்தது. சக மருத்துவர் பலர் ஏற்கவில்லை, அவர்களும் அறிஞர்களே. ஆக, வேண்டுவன சுத்தமான கை, சுத்தமான கத்தி, சுத்தமான நூல். குண்டானில் மீந்த நீரில், திண்ணையில் நடந்து நடந்து களைத்த கணவனுக்குக் காப்பி போடலாம்.