புரோசார்ட் கடிதம்: டர்னிப் சாம்பாரும் மாதக் கணக்கும்

கனடாவின் கியூபெக் மாகாணத்து ஊரான புரோசார்டில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மளிகைப் பணம் மூன்று இடங்களில் கரைகிறது. முதலாவது, டாஷரோ சாலையை ஒட்டிய பெரிய கடைகள். இரண்டாவது, செயின்ட் லாரன்ஸ் நதிக்கு அக்கரையில், மான்ட்ரியலின் கோட்-டே-நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரங்களில் உள்ள இந்திய, இலங்கைக் கடைகள். மூன்றாவது, பால் மட்டும் வாங்கப் போன காஸ்ட்கோ. முதல் இரண்டுக்கும் பட்ஜெட் போடலாம். மூன்றாவதிலிருந்து பாலோடு ஒரு கூடாரமும் மூட்டை பாதாமும் வீடு வந்து சேரும். மாதக் கணக்கில் அவை ‘இதர’ என்ற தலைப்பில் அடங்கிவிடும். அந்த மொத்தக் கடைக்குள் நுழையவே ஆண்டுச் சந்தா 65 டாலர். கட்டிய சந்தாவுக்கு ஈடுகட்ட அடிக்கடி போக வேண்டியிருக்கிறது என்பது உறுப்பினர்கள் தரப்பு வாதம்.

செலவு அதிகமா குறைவா என்று ஒப்பிட நாடு தழுவிய அளவுகோல் ஒன்று உண்டு. டல்ஹவுசி பல்கலைக்கழகம் வேறு சில பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஆண்டுதோறும் கனடா உணவு விலை அறிக்கையை வெளியிடுகிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 2025இல் உணவுச் செலவு 16,833 டாலர் 67 சென்ட் ஆகும் என்று அது கணித்தது. மாதத்துக்கு ஏறக்குறைய 1,400 டாலர். ஒரு சென்ட் நாணயத்தின் விநியோகம் 2013இலேயே நின்றுபோய், ரொக்கமாகக் கொடுத்தால் ஐந்து சென்டுக்கு வட்டமிட்டுவிடும் நாட்டில், அந்த 67 சென்டை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது அறிஞர்களுக்கே வெளிச்சம். ரொக்கமாகக் கட்டினால் அது 65 ஆகிவிடும். ஆண்டுக்கு இரண்டு சென்ட் லாபம். புதிதாக வந்தவர்கள் எந்த விலையையும் அறுபதால் பெருக்கிப் பார்ப்பது வழக்கம். பெருக்கினால் மளிகைக்கு மட்டும் மாதம் 84,000 ரூபாய் வருகிறது. பெருக்குவதை நிறுத்திய பிறகுதான் சாப்பாடு தொண்டையில் இறங்கும்.

விலையேற்றம் இப்படி வேரூன்றியது 2022இல். அந்த ஆண்டு கனடாவில் கடையில் வாங்கும் உணவின் விலை சராசரியாக 9.8 சதவீதம் உயர்ந்தது. 1981க்குப் பிறகு அவ்வளவு ஏற்றம் கண்டதில்லை. 2023இல் மேலும் 7.8 சதவீதம். உக்ரைன் போர், கப்பல் கூலி, வறட்சி என்று காரணங்கள் பல. 2025 மார்ச்சில் அமெரிக்கப் பொருட்கள் பலவற்றின் மீது கனடா 25 சதவீதப் பதில் வரி விதித்தபோது ஆரஞ்சுச் சாறும் வேர்க்கடலை வெண்ணெயும் அந்தப் பட்டியலில் இருந்தன. பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் வீடுகளில் ஒரு குழப்பம் எழும். குறைந்தது ஏறுகிற வேகம்தான். ஏறிய விலை ஏறிய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

தமிழ்ச் சமையலறையை நேராகத் தாக்கிய சம்பவம் இவற்றில் சேராதது. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. சில நாட்களுக்குள் வட அமெரிக்காவின் இந்தியக் கடைகளில் சோனா மசூரி அலமாரிகள் காலியாயின. ஆளுக்கு ஒரு மூட்டைதான் என்று அறிவிப்புகள் தொங்கின. ஒரு குடும்பத்துக்கு ஒன்று அல்ல, ஆளுக்கு ஒன்று என்பதைக் கவனித்த குடும்பங்கள் தாத்தா பாட்டி சகிதம் வரிசையில் நின்றன. புழுங்கலரிசி தடைக்குள் வரவில்லை. ஆகஸ்டில் அதன் மீது 20 சதவீத ஏற்றுமதி வரி மட்டும் விழுந்தது. ஆகவே சாதத்துக்கு வந்த ஆபத்து இட்லிக்கு அவ்வளவாக வரவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் அள்ளியவர்கள் வீட்டு பேஸ்மென்டில் புழுங்கலும் பச்சையும் கலந்து அடுக்கப்பட்டிருந்தன. 2024 செப்டம்பர் 28 அன்று வெள்ளை அரிசித் தடை நீங்கியது. பதுக்கிய அரிசியில் வண்டு அதற்கு முன்பே வந்திருந்தது.

பருப்பின் கதை வேறு. உலகில் மைசூர் பருப்பை மிக அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் கனடா முன்னணியில் இருக்கிறது. அதன் பெரும் பகுதி சஸ்காட்சுவான் மாகாணத்தில் விளைகிறது. இந்தியாவும் இலங்கையும் அதை வாங்கிச் சமைக்கின்றன. துவரம்பருப்பு இங்கே விளைவதில்லை. இந்தியாவே மியான்மரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் துவரையை வாங்கும் நிலையில், புரோசார்டில் அதற்கு விலை அதிகம் இருப்பதில் வியப்பில்லை. இருந்தாலும் துவரம்பருப்பு போடாத சாம்பாரைச் சாம்பார் என்று ஒப்புக்கொள்ள மறுக்கும் மூத்தவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. பாதிக்குப் பாதி கலந்து, யாருக்கும் சொல்லாமல் விடுவதே நடைமுறை.

காய்கறியில்தான் பட்ஜெட் நிற்பதும் விழுவதும். முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் ஆகியவை கியூபெக்கிலேயே விளைந்து, குளிர்காலம் முழுக்கச் சேமிப்புக் கிடங்குகளிலிருந்து வருகின்றன. பனி முழங்காலளவு கிடக்கும் பிப்ரவரியிலும் மலிவு. முருங்கைக்காய், சின்ன வெங்காயம், புடலங்காய், கறிவேப்பிலை ஆகியவை விமானத்திலோ உறைபெட்டியிலோ வருகின்றன. கட்டணத்தை அவையே நம்மிடம் வசூலித்துக்கொள்கின்றன. டர்னிப்பைத் தோல் சீவி வட்டமாக நறுக்கி, புளி கரைத்த தண்ணீரில் வேகவிட்டால் முள்ளங்கி சாம்பாரின் தம்பி மாதிரி ஒன்று கிடைக்கும். வாசனை பொருந்திவிடும், கசப்பு கொஞ்சம் முந்தும், சிட்டிகை வெல்லம் அதை அடக்கும். கணக்கைக் காப்பாற்றியதில் எந்தத் தள்ளுபடிச் சீட்டையும்விட இந்தச் சாம்பாருக்குப் பங்கு அதிகம். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்துத் தெற்கு ஜன்னலோரம் வளர்ப்பவர்களும் உண்டு. ஹீட்டர் காற்றில் ஜனவரியோடு இலை கொட்டிவிடும். மே மாதம் துளிர்க்கும்வரை வீட்டில் துக்கம்.

மே மாதம் வேறொரு காரணத்துக்காகவும் ஆபத்தானது. மெக்சிகோ மாம்பழம் பெரிய கடைகளில் மலிவாகக் குவியும் அதே வாரங்களில், இந்தியாவிலிருந்து அல்போன்சாவும் கேசரும் பெட்டியாக வந்திறங்கும். முன்னது பட்ஜெட்டில் வரும். பின்னதைப் பற்றி வீட்டில் யாரும் பட்ஜெட் பேசக் கூடாது.

தள்ளுபடித் தாள்கள் வியாழக்கிழமை தொடங்கிப் புதன்வரை செல்லும். அவற்றைக் கைபேசியில் ஒப்பிட்டுப் பார்க்கச் செயலிகள் இருக்கின்றன. மாக்ஸி போன்ற கடையில் போட்டிக் கடையின் விளம்பரத்தைக் காட்டினால் அதே விலைக்குக் கொடுப்பார்கள். இதை அறியாதவர்கள் காலிஃபிளவருக்கு ஒரு கடை, தயிருக்கு ஒரு கடை, எண்ணெய்க்கு ஒரு கடை என்று காரில் சுற்றி, மிச்சம் பிடித்ததைப் பெட்ரோலாக ஊற்றிவிடுவார்கள். பாலுக்காக அலைவது முற்றிலும் வீண். சாதாரணப் பாலின் குறைந்தபட்ச, அதிகபட்ச விலைகளைக் கியூபெக் அரசின் வேளாண் சந்தை ஆணையமே நிர்ணயிக்கிறது. நான்கு லிட்டர் பால் மூன்று பைகளாக வரும். அதைக் காய்ச்சி உறையூற்றி, ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு இரவு முழுக்க வைத்தால் வெளியே மைனஸ் இருபதிலும் தயிர் கெட்டியாகத் தோயும்.

கியூபெக் மக்களுக்குச் சட்டப்படி வாய்த்த ஒரு பாதுகாப்பு, விலைத் துல்லியக் கொள்கை. அலமாரியில் ஒரு விலையும் கல்லாவில் அதைவிட அதிக விலையும் வந்தால், 15 டாலர்வரையுள்ள பொருள் இலவசம். அதற்கு மேற்பட்டதற்குச் சரியான விலையிலிருந்து 15 டாலர் கழிவு. 2025இல் உயரும்வரை இந்த வரம்பு 10 டாலராக இருந்தது. அலமாரியில் 1.99 என்றிருந்த தேங்காய்ப்பால் டப்பா கல்லாவில் 2.49 என்று ஒலித்தால், டப்பா சும்மா வீட்டுக்கு வரும். ஒரே பிழையுள்ள இரண்டு டப்பா எடுத்திருந்தால் ஒன்றுதான் இலவசம், மற்றதற்குச் சரியான விலை. இந்தச் சட்டத்தை வரி விடாமல் அறிந்தவர் ஒருவர் குடும்பத்துக்குக் குடும்பம் இருப்பார். அவர் கல்லாவில் பேசத் தொடங்கியதும் உடன் வந்தவர்கள் சூயிங்கம் அடுக்கைத் தீவிரமாக ஆராய்வார்கள். எடைக்கு இவ்வளவு என்று அலமாரிச் சீட்டில் சிறிய எழுத்தில் அச்சிடுவதும் இங்கே கட்டாயம். ‘குடும்பப் பொதி’ என்று எழுதியது எப்போதும் மலிவு அல்ல என்பது அந்தச் சிறிய எழுத்தில்தான் தெரியும்.

வரி விதியும் படிக்கத் தக்கது. அடிப்படை உணவுக்கு மத்திய வரி 5 சதவீதமும் மாகாண வரி 9.975 சதவீதமும் கிடையாது. உருளைக்கிழங்குக்கு வரி இல்லை. அது சிப்ஸ் ஆனால் உண்டு. உப்பில்லாத முந்திரிக்கு இல்லை, உப்பு போட்டதற்கு உண்டு. ஆறு மஃபின் வாங்கினால் வரி இல்லை, ஐந்து வாங்கினால் உண்டு. உடல் இளைக்க நினைப்பவரை அரசே தடுத்து ஆறாவதைக் கையில் திணிப்பதாக இதற்கு ஒரு விளக்கம் உலவுகிறது. 2024 டிசம்பர் 14 முதல் 2025 பிப்ரவரி 15 வரை இத்தகைய தின்பண்டங்களுக்கு மத்திய வரி தள்ளுபடியானது. மாகாண வரி அசையவில்லை.

சில்லறைச் செலவுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். மான்ட்ரியல் நகருக்கு முன்பே, 2016இல், பிளாஸ்டிக் பைகளை ஒழித்த ஊர் புரோசார்ட். எனவே துணிப்பை கொண்டுபோக வேண்டும். பைகள் காரின் பின்புறத்தில் இருக்கும், ஆள் கல்லாவில் நிற்பார், இன்னொரு பை வாங்குவார். அலுமினிய டப்பாவுக்கு 10 சென்ட் முன்பணம் பிடிக்கிறார்கள். 2025 மார்ச் முதல் பிளாஸ்டிக் புட்டிகளுக்கும் அப்படியே. திருப்பிக் கொடுத்தால் பணம் வரும். அந்தப் பொறுப்பு பிள்ளைகளுடையது, வருமானமும் அவர்களுடையதே.

கோடையில் புரோசார்டுக்கு வரவிருக்கும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரிசி, பருப்பு, ரவை எதையும் சுமந்து வர வேண்டாம். எல்லாம் இங்கே கிடைக்கிறது. பெட்டியில் இடமிருந்தால் நல்ல கட்டிப் பெருங்காயமும் சுண்டைக்காய் வற்றலும் வீட்டில் இட்ட வடகமும் போதும். விமான நிலையத்தில் ‘உணவுப் பொருள் இருக்கிறதா’ என்று கேட்டால் ‘ஆம்’ என்றே சொல்லுங்கள்.