சங்கிலியின் கடைசிக் கண்ணி

வாடா பேராண்டி, அம்மா மண்டபப் படியில இப்படிக் குந்து. திருப்பூர் பனியன் கம்பெனியில பெரிய வேலையாமே! 'பசுமை விநியோகச் சங்கிலி'ன்னு உங்கப்பன் போன்ல சொன்னான். சங்கிலின்னதும் உன் பாட்டி, எத்தனை பவுனுன்னு கேட்டுட்டா.

என்னடா பண்ணுவீங்க அதுல? வாசல்ல ரெண்டு வேப்பங்கன்னு நட்டு, போட்டோ புடிச்சு, வெளிநாட்டு பையருக்கு அனுப்புவீங்களா? நல்லது. ஆடிட் வர்ற அன்னிக்கு மட்டும் தண்ணி ஊத்துங்க. மிச்ச நாளைக்குக் கன்னு பொறுத்துக்கும்.

இதுல லாபம் கொறையுமான்னு கேக்கற. உங்க ஊரு கதையையே சொல்றேன். நொய்யல் பாசனத்துக்குன்னு ஒரத்துப்பாளையத்துல 1992ல அணை கட்டினாங்க. வந்து தேங்கினது சாயத்தண்ணி. அணையைத் தொறந்து விடுன்னு கேக்கற வெவசாயியைப் பாத்திருக்கேன். அணையில தண்ணியே தேக்காதேன்னு கேட்டவன் அந்தப் பக்கத்து வெவசாயிதான். வழக்கு முத்தி, 2011 ஜனவரி 28ல ஐகோர்ட்டு சாயப்பட்டறையெல்லாம் மூடச் சொல்லிடுச்சு. 700க்கு மேல பட்டறை! மிஷின் இருக்கு, ஆர்டர் இருக்கு, துணிக்குச் சாயம் இல்ல. துணியைத் தூக்கிக்கிட்டு வெளியூருக்கு ஓடினாங்க. கழிவுத்தண்ணியில மிச்சம் புடிச்ச காசு லாரி வாடகையில போச்சு.

அப்புறம்தான் புத்தி வந்துச்சு. சொட்டு வெளிய விடாம சுத்தம் பண்றதுல, நூத்துக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல தண்ணி பட்டறைக்கே திரும்புது. உப்புத்தண்ணியும் மறுபடி சாயத்தொட்டிக்கே. கரண்டுச் செலவு ஜாஸ்திதான், ஒத்துக்கறேன். ஆனா லாரித்தண்ணி வாங்கிச் சாயம் போட்டவனுக்கு, திரும்பி வர்ற தண்ணி காசு இல்லாம வேறென்ன? கடைசியில உப்புக்கழிவு மூட்டை மூட்டையா நிக்குதே, அதை மட்டும் உன் ரிப்போர்ட்டுல எந்தப் பக்கத்துல ஒளிச்சு வெப்பேன்னு தாத்தன் காதுல சொல்லு.

பஞ்சு, நூலு, சாயம், தையல், கப்பல்னு நீ வரையற படத்துல அமெரிக்காக்காரன் கடைசிக் கண்ணி. என் படம் வேற. நொய்யல் கரூர்ப் பக்கம் காவேரியில சேருது. காவேரி முக்கொம்பு தாண்டி, இந்தா, என் கால்ல படுது. கடைசிக் கண்ணி நான்தான்டா.

அடுத்த தடவை உங்க மொதலாளியையும் கூட்டியா. இந்தப் படியில ஒரு முழுக்குப் போட்டுட்டு, ஒரு கை அள்ளிக் குடிக்கச் சொல்லு. யோசிக்காம குடிச்சார்னா, உங்க கம்பெனி ஆடிட்ல பாஸு.